தோற்றவர் பெயரால் ஓர் அட்டவணை

கோடையின் நடுவே, அரங்குகளில் புல் மட்டும் வளர்ந்து கொண்டிருக்கும் வாரங்களில், ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்களின் கைக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். வரப்போகும் பருவத்தில் யார் யாரோடு, எந்த ஊரில், எந்த நாளில் ஆடுவார்கள் என்று சொல்லும் அட்டவணை. வலுத்த அணியின் ரசிகர் அதை ஒருமுறை புரட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவார். அவருக்கு எந்நாளும் நன்னாளே. இளைத்த அணியின் ரசிகர் அப்படி விடமாட்டார். பஞ்சாங்கம் பார்ப்பது போல் பார்ப்பார். இன்ன வாரம் சொந்த மண், எதிரியோ சென்ற ஆண்டு தட்டுத் தடுமாறியவன், ஆகவே சுபம். அதற்கடுத்த இரண்டு வாரமும் இராகு காலம். தோல்வி என்றே எழுதிக் கொள்ளலாம். நவம்பரில் எங்கேனும் ஒரு சமநிலை. இவ்வாறு கூட்டிக் கழித்து, பிழைத்துக் கிடப்பதற்குப் போதுமான புள்ளிகள் தேறும் வரை கணக்கை விடமாட்டார். தேறாவிட்டால் முதலிலிருந்து மறுபடியும் கூட்டுவார்.

அப்படியொரு கணக்கைப் பற்றியது இக்கட்டுரை. கணக்குப் போட்டவர்கள் மேற்கு பெர்லினின் நொய்கோல்ன் பகுதி மக்கள், ஆண்டு 1965, அணியின் பெயர் தாஸ்மானியா. ஜெர்மானியக் கால்பந்தில் மிக மோசமான அணி எது என்று கேட்டால், இன்றும் முதலில் வரும் விடை அந்தப் பெயர்தான். விடை சரியானதே. ஆயினும் அந்த விடையில் பாதிக் கதை விட்டுப்போய்விடுகிறது என்பது நம் எண்ணம்.

*

அட்டவணை என்பதே ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்த பொருள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1880களின் இங்கிலாந்தில், கோப்பைப் போட்டிகள் நீங்கலாகக் கழகங்கள் ஆடியவை பெரும்பாலும் நட்பு ஆட்டங்கள். எதிரணி வருவதாகச் சொல்லும், வராது. கோப்பை ஆட்டம் ஒன்று குறுக்கிட்டால், முன்பே பேசி வைத்த நட்பு ஆட்டம் காற்றோடு போகும். 1885ல் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் தருவது ஏற்கப்பட்டுவிட்ட பிறகு, நுழைவுச்சீட்டுப் பணத்தை நம்பியிருந்த கழகங்களுக்கு இந்த நிச்சயமின்மை கட்டுபடியாகவில்லை. பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரரும் ஆஸ்டன் வில்லா கழகத்தின் குழு உறுப்பினருமான வில்லியம் மெக்ரிகர், 1888 மார்ச்சில் சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு கழகங்கள் கூடி, ஒவ்வொருவரோடும் உள்ளூரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் ஆடுவதென்று முன்னதாகவே ஏற்பாடு செய்து கொண்டால் என்ன என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று 12 கழகங்களுடன் ஆட்டங்கள் தொடங்கின. லீக் என்று உலகம் இன்று அழைப்பது, அடிப்படையில், தேதி தவறாமல் வந்து சேர்வோம் என்னும் ஓர் உடன்படிக்கைதான்.

அவ்வுடன்படிக்கைக்கு ஒரு கொடிய மறுபக்கம் உண்டு. நட்பு ஆட்டத்தில் அடிவாங்கிய அணி அடுத்த முறை அழைப்பை மறுத்துவிடலாம். கோப்பையில் தோற்றவர் அன்றே வீடு திரும்பிவிடுவார். லீக்கில் தோற்பவருக்கு அந்த விடுதலை கிடையாது. எத்தனை முறை தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை உடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த முதற்பருவத்தில் 12 புள்ளிகளோடு கடைசி இடத்தில் நின்ற ஸ்டோக், இருபத்திரண்டு ஆட்டங்களையும் ஆடித்தான் தீர்த்தது. வெற்றியை வரிசைப்படுத்த வந்த அட்டவணை, தோல்வியையும் தவணை முறையில் செலுத்த வைத்துவிட்டது.

நாடு முழுவதற்குமான இந்த ஏற்பாட்டுக்கு ஜெர்மனி மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. மேற்கு ஜெர்மனியில் 1963 வரை ஐந்து வட்டாரங்கள் தனித்தனியே தத்தம் போட்டிகளை நடத்தி, வட்டாரங்களில் முன்னின்றவர்கள் இறுதிச் சுற்றுகளில் மோதி நாட்டின் வாகையர் யாரென்று முடிவு செய்வர். மேற்கு பெர்லின் நகரமும் தனியொரு வட்டாரம். 1962 சூலை 28 அன்று டார்ட்மண்டில் கூடிய ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம், நாடு முழுமைக்கும் ஒரே லீக் என்று தீர்மானித்தது. புண்டெஸ்லிகா பிறந்தது. 46 கழகங்கள் விண்ணப்பித்தன, 16க்கே இடம். பெர்லினுக்கு ஒன்று.

அந்த ஒன்றை நொய்கோல்ன் மக்கள் தமதென்றே நினைத்திருக்கக் கூடும். 1900ஆம் ஆண்டில் ரிக்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் தொடங்கப்பட்ட கழகம் தாஸ்மானியா. (ரிக்ஸ்டோர்ஃப் 1912ல் நொய்கோல்ன் எனப் பெயர் மாறி, 1920ல் பெருநகர் பெர்லினோடு இணைந்தது.) உலகின் மறுகோடியில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கிடக்கும் தீவின் பெயர் இந்தத் தொழிலாளர் குடியிருப்புக்கு எப்படி வந்தது? கழகத்தைத் தொடங்கிய இளைஞர்கள் அத்தீவுக்குக் குடிபெயரக் கனவு கண்டவர்கள் என்றொரு செவிவழிக் கதை உண்டு. உண்மையோ கட்டோ, பிழைப்புத் தேடிக் கப்பலேறும் கனவின் பெயரை அணிக்குச் சூட்டியவர்கள் என்பது நமக்குப் பிடித்திருக்கிறது. 1959, 1960, 1962 ஆகிய ஆண்டுகளில் பெர்லின் வட்டார வாகையர் அவர்களே. ஆனால் 1963ல் வென்றது ஹெர்த்தா. புண்டெஸ்லிகா இடம் ஹெர்த்தாவுக்குப் போயிற்று. ஓர் ஆண்டு முந்தியிருந்தால்! இளைத்த அணிகளின் வரலாறு இத்தகைய 'இருந்தால்'களால் ஆனது.

*

இனி நகரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். நகரத்தை விட்டுவிட்டு இந்த அட்டவணையைப் படிக்க முடியாது.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழத் தொடங்கியது. மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனியின் நடுவே ஒரு தீவாயிற்று. ஹெர்த்தாவின் அந்நாளைய மைதானம் எல்லைக்கு மிக அருகில் இருந்தது; அதன் ரசிகர்களுள் ஒரு பகுதியினர் ஒரே இரவில் சுவருக்கு அப்பால் அகப்பட்டுக் கொண்டனர். அவர்கள் சனிக்கிழமைகளில் சுவரோரம் வந்து நின்று, மைதானத்தின் ஆரவாரத்தைக் காதால் கேட்டே ஆட்டம் எப்படிப் போகிறதென்று ஊகித்ததாகச் சொல்வார்கள்.

இத்தகைய ஊருக்கு வந்து ஆடுவதற்கு நல்ல ஆட்டக்காரர் எவருக்கு மனம் வரும்? புண்டெஸ்லிகாவின் தொடக்க விதிகள், சில விலக்குகள் தவிர, மாத ஊதியத்துக்கு 1,200 மார்க் என்று வரம்பு கட்டியிருந்தன. மியூனிக்கிலும் 1,200, சுவருக்குள்ளும் 1,200 என்றால் அவர் மியூனிக்கையே தேர்ந்தெடுப்பார். ஹெர்த்தா கணக்கில் வராத பணத்தைக் கொடுத்து ஆள் சேர்த்தது. பிற கழகங்களும் செய்து கொண்டிருந்ததுதான்; ஆனால் அகப்பட்டது ஹெர்த்தா. 1965ல் அதன் உரிமம் பறிக்கப்பட்டது.

இதன் பிறகு நடந்தது கால்பந்தே அன்று. கூட்டல் கழித்தல் கணக்கு. 1964-65 பருவத்தில் கடைசி இரண்டு இடங்களில் நின்றவை கார்ல்ஸ்ரூவும் ஷால்கேயும். முறைப்படி இரண்டும் கீழிறங்க வேண்டும். ஹெர்த்தாவே நீக்கப்பட்ட பின் நாங்கள் ஏன் இறங்க வேண்டும் என்று அவை வாதாடின. மேலேறத் தகுதி பெற்றவை இரண்டு: மென்ஷன்கிளாட்பாக், பேயர்ன் மியூனிக். சங்கம் ஒருவரையும் மனம் நோகச் செய்ய விரும்பவில்லை. பழைய பதினாறில் ஹெர்த்தா போகப் பதினைந்து. புதியவை இரண்டு சேரப் பதினேழு. பதினேழை வைத்துக் கொண்டு ஒழுங்கான அட்டவணை போட முடியாது. வாரந்தோறும் ஓர் அணி சும்மா உட்கார நேரும். பதினெட்டாவதாக ஒன்று வேண்டும். அது எங்கிருந்து வர வேண்டும் என்பதில் அரசியலுக்கு ஐயமே இல்லை. சுவர் எழுப்பப்பட்ட நகரத்தை நாடு கைவிடவில்லை என்று உலகுக்குக் காட்ட வேண்டிய காலம் அது. பெர்லின் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

பெர்லின் வட்டாரத்தில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது டென்னிஸ் பொருசியா. ஆனால் அது மேலேறுவதற்கான தகுதிச் சுற்றில் பேயர்ன் மியூனிக்கிடம் பின்தங்கி வாய்ப்பிழந்த அணி. மறுபடியும் அதையே அழைக்கச் சங்கத்துக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாமிடத்து ஸ்பாண்டவ் கழகம் மறுத்துவிட்டது. (அந்த மறுப்பை அந்நாளில் கோழைத்தனம் என்று பலர் நினைத்திருப்பர். பிற்காலம் அதை அறிவுடைமை என்று எழுதிக் கொண்டது.) மூன்றாமிடத்தில் இருந்த தாஸ்மானியா, சரி என்றது.

பருவம் தொடங்க அப்போது மீதமிருந்தவை இரண்டு வாரங்கள்.

*

அந்த இரண்டு வாரங்களில்தான் நம் மனம் தங்கிவிடுகிறது.

ஆட்டக்காரர்கள் கோடை விடுமுறையில் ஆளுக்கொரு திசையில் இருந்தனர். அவர்களுக்கு வானொலி வழியாகச் செய்தி போயிற்று என்பது பெர்லினில் வழங்கும் கதை. அவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சி செய்து பழகியவர்கள். இரண்டு வாரத்தில் முழுநேர ஆட்டக்காரர்களாக மாற வேண்டும். இத்தாலியிலிருந்து ஹோர்ஸ்ட் ஷிமானியாக் அழைத்து வரப்பட்டார். 1958, 1962 உலகக் கோப்பைகளில் ஆடியவர், நாட்டுக்காக 43 ஆட்டங்கள் கண்டவர், மிலான் நகரின் இன்டர் கழகத்திலும் இருந்தவர். பெரும்பெயர்தான், ஆனால் ஓட்டம் தளரத் தொடங்கும் வயது. பதினெட்டு அணிகள் என்றானதால் முந்தைய ஆண்டுகளின் 30 சுற்றுகள் 34 ஆகிவிட்டன. ஆயத்தமில்லாத அணிக்கு நான்கு ஆட்டங்கள் கூடுதல்.

இவற்றோடு, நொய்கோல்னின் மதுக்கடை மேசைகளில் அந்த அட்டவணை விரிக்கப்பட்டிருக்கும். அதை நாமும் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துப் பார்ப்போம்.

முதல் ஆட்டம், ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. சொந்த ஊர். எதிரணி கார்ல்ஸ்ரூ. யார் அது? சென்ற பருவத்தில் கடைசிக்கு முந்தின இடம். நம்மைப் போலவே சங்கத்தின் கருணையால் உயிர் பிழைத்த அணி. இரண்டாம் ஆட்டம் வெளியூர், ஆனால் எதிரணி மென்ஷன்கிளாட்பாக். நம்மைப் போலவே புதிது. நியாயமாகச் சொல்லுங்கள், இதைவிட இதமாக ஓர் அட்டவணை தொடங்க முடியுமா? வாகையரான பிரேமனோ, அதற்கு முன்னாண்டின் வாகையரான கொலோனோ முதல் வாரத்தில் வந்து நிற்கவில்லை. முதல் இரண்டில் மூன்று புள்ளி என்று ஒருவர் சொல்லியிருப்பார் (அந்நாளில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று). உனக்குப் பைத்தியம், இரண்டு போதும் என்று மற்றவர் சொல்லியிருப்பார். அந்த இரண்டையும் அவர் மிகுந்த அடக்கத்தோடு சொன்னதாகவே எண்ணியிருப்பார்.

வெளியூர் ஆட்டங்களைப் பற்றிய கணக்கு வேறு வகையானது. பதினேழு முறை வெளியே போக வேண்டும். மற்ற அணிகளுக்கு வெளியூர் என்றால் பக்கத்து மாவட்டம். ரூர் சமவெளியின் கழகங்களுக்கு வெளியூர் சில சமயம் பேருந்துப் பயணம். பெர்லின்காரருக்கோ மிக அருகிலிருந்த எதிரணியான பிரவுன்ஷ்வைக் ஏறத்தாழ 230 கி.மீ. தொலைவு, அதற்கும் இன்னொரு நாட்டைக் கடக்க வேண்டும். சாலை வழி போனால் கிழக்கு ஜெர்மனிக் காவலர்களிடம் தாள்களை நீட்டி, அவர்கள் புரட்டி முடிக்கும் வரை காத்திருந்து, குறித்த நெடுஞ்சாலையை விட்டு விலகாமல் ஓட்டி, மறுமுனையில் மீண்டும் ஒருமுறை நீட்ட வேண்டும். வான் வழி போனாலும் நேச நாடுகளின் விமான நிறுவனங்களே அந்த வான்பாதையில் பறக்கலாம். ஜெர்மனியின் லுஃப்தான்ஸாவுக்கு உரிமையில்லை. இவ்வளவையும் கடந்து ஐந்து கோல் வாங்கப் போவதற்கு ரசிகனுக்கு என்ன தேவை இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் யாரும் ஐந்து கோல் என்று எண்ணிப் போவதில்லை.

*

ஆகஸ்ட் 14 அன்று ஒலிம்பிய அரங்கில் கூடியவர்கள் 81,500 பேர். சில வாரங்களுக்கு முன்பு வரை வட்டார மைதானங்களில் ஆடிக் கொண்டிருந்த அணியைக் காண எண்பதாயிரம் பேர். நொய்கோல்னின் ரசிகர்கள் மட்டும் அவ்வளவு பேர் இருந்திருக்க முடியாது. ஹெர்த்தாவை இழந்த நகரம் மொத்தமும் வந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். வுல்ஃப்-இங்கோ உஸ்பெக் இரண்டு கோல்கள் போட்டார். தாஸ்மானியா 2, கார்ல்ஸ்ரூ 0.

அன்றிரவு யாரேனும் அட்டவணையை எடுத்து மறுபடி கூட்டியிருந்தால், அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. மேசையில் சொன்ன சொல் பலித்துவிட்டது. இரண்டு புள்ளி கையில்.

அடுத்த வாரம் மென்ஷன்கிளாட்பாக்கில் ஐந்து கோல்கள் வாங்கினர். 'நம்மைப் போலவே புதிது' என்று எண்ணியது எவ்வளவு தவறான ஒப்பீடு என்பது தெரியலாயிற்று. உண்மையில் அவ்வாண்டு மேலேறிய இரு கழகங்களும் புதியவை என்னும் சொல்லுக்கே பொருந்தாதவை. பேயர்ன் அந்தப் பருவத்தை மூன்றாமிடத்தில் முடித்து, ஜெர்மானியக் கோப்பையையும் வென்றது. 1970களின் வாகையர் பட்டங்களைப் பெரும்பாலும் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளப் போகிறவர்கள் இந்த இருவரே. ஒரே கோடையில், ஒரே வாசலில் மூவர் நுழைந்தனர். இருவர் ஆடி வென்று வந்தவர்கள். ஒருவரை அழைத்து வந்தார்கள்.

பிறகு நிகழ்ந்ததை ஒவ்வொரு ஆட்டமாகச் சொல்லி வாசகரை வருத்த வேண்டியதில்லை. இரண்டாம் சுற்று முதல் முப்பத்திரண்டாம் சுற்று வரை முப்பத்தோர் ஆட்டங்கள். நான்கு சமநிலை, இருபத்தேழு தோல்வி, வெற்றி ஒன்றுமில்லை. இவற்றுள் பத்துத் தோல்விகள் அடுத்தடுத்து வந்தவை. பயிற்றுநர் ஃபிரான்ஸ் லிங்கன் நவம்பரில் மாற்றப்பட்டார், பலன் இல்லை. அந்த இரண்டு வாரக் குறையை எந்தப் பயிற்றுநரும் பிற்பாடு ஈடு செய்திருக்க முடியும் என்று நாம் நம்பவில்லை. 1966 மார்ச் 26 அன்று, சொந்த மண்ணில், மைடரிக் அணியிடம் (இன்றைய டூயிஸ்பர்க்) 0-9. சொந்த மைதானத்தில் ஓர் அணி வாங்கிய மிகப்பெரிய அடியாகப் புண்டெஸ்லிகா அதை எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் நாம் நிறுத்திப் பார்க்க விரும்பும் நாள் அதுவன்று. 1966 சனவரி 15.

ஜெர்மானிய லீக்கின் அட்டவணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதற்பாதியில் எந்த வரிசையில் பதினேழு எதிரணிகளைச் சந்தித்தீர்களோ, அதே வரிசையில் பிற்பாதியிலும் சந்திப்பீர்கள். உள்ளூர் வெளியூராகவும் வெளியூர் உள்ளூராகவும் மாறும். ஆகவே ஆகஸ்டில் உங்களைப் புரட்டி எடுத்தவர் மறுபடி எப்போது வருவார் என்பது அன்றைக்கே தெரியும். மென்ஷன்கிளாட்பாக் சனவரி நடுவில் பெர்லின் வந்தது. ஐந்து மாதத் தோல்விக்குப் பின், எலும்பைத் துளைக்கும் பெர்லின் குளிரில், அந்த மாபெரும் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் 827 பேர். ஆகஸ்டில் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர். புண்டெஸ்லிகாவின் வரலாற்றில் இத்தனை குறைவாக வேறெந்த ஆட்டத்துக்கும் மக்கள் வந்ததில்லை.

இந்த எண்ணை எடுத்துக் காட்டாத கால்பந்து எழுத்தாளர் ஜெர்மனியில் இல்லை. எடுத்துக் காட்டும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அன்று தாஸ்மானியா தோற்கவில்லை. ஆட்டம் 0-0. ஆகஸ்டில் ஐந்து கோல் போட்ட அணியை, பருவம் முழுவதிலும் 108 கோல் வாங்கப் போகிற அணி அன்று ஒரு கோலும் போட விடவில்லை. அந்தப் பருவத்தின் நான்கே நான்கு சமநிலைகளுள் ஒன்றைக் காணும் பேறு அந்த 827 பேருக்கு வாய்த்தது. வீட்டில் அடுப்பருகே இருந்துவிட்ட எண்பதாயிரம் பேருக்கு வாய்க்கவில்லை. அட்டவணையில் அந்த நாளை ஆகஸ்டில் பார்த்தபோது 'ஒரு புள்ளி' என்று குறித்து வைத்தவர் யாரேனும் அன்று அரங்கில் இருந்திருந்தால், நகரத்தின் மிகச் சிறந்த சோதிடர் அவரே.

இரண்டாம் வெற்றி 1966 மே 21 அன்று, முப்பத்து மூன்றாம் சுற்றில் கிடைத்தது. எதிரணி நொயன்கிர்ஷன், தாஸ்மானியாவோடு சேர்ந்து கீழிறங்கிய மற்றோர் அணி. 2-1. முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையே 280 நாட்கள். பத்து மாதம் சுமப்பது என்று நம்மவர் சொல்லும் கணக்கு சரியாக இதுதான். மருத்துவர்களும் 280 என்றே எண்ணுவர். கடைசி ஆட்டத்தில் மறுபடி தோல்வி. 34 ஆட்டங்கள், 2 வெற்றி, 4 சமநிலை, 28 தோல்வி. போட்ட கோல்கள் 15. அவற்றுள் நான்கு அந்த இரு வெற்றிகளில் வந்தவை. எஞ்சிய 32 ஆட்டங்களில் பதினொன்று. அந்நாளைய ஜெர்மானிய வழக்கப்படி பெற்ற புள்ளிகளையும் இழந்த புள்ளிகளையும் சேர்த்து எழுதினால் 8:60.

*

நம் பரணி இலக்கியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி. ஆனால் நூலுக்குப் பெயர் வென்றவனால் அமைவதில்லை, தோற்றவனால் அமையும். குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றது, நூல் கலிங்கத்துப்பரணி. வீரபத்திரரிடம் அழிந்தது தக்கனின் வேள்வி, நூல் தக்கயாகப்பரணி. செயங்கொண்டாரும் ஒட்டக்கூத்தரும் இந்த மரபை மீறவில்லை. தோற்றவன் பெயரைத் தலைப்பில் வைப்பது வென்றவனின் பெருமையைக் கூட்டவே என்பது உரைகாரர் தரும் விளக்கமாக இருக்கலாம். எப்படியாயினும் நினைவில் முதலில் நிற்பது கலிங்கம் என்னும் பெயரே.

1965-66 பருவத்தின் வாகையர் மியூனிக் 1860 கழகம். அதை நினைவு வைத்திருப்பவர்கள் அந்நகரத்தாரும் புள்ளிவிவரப் பிரியர்களுமே. அவ்வாண்டு டார்ட்மண்ட் அணி லிவர்பூலை வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றைக் கொண்டு வந்த முதல் ஜெர்மானிய அணியாயிற்று. அதுவும் சற்றே மங்கலான நினைவு. அந்தப் பருவம் தாஸ்மானியாவின் பருவமாகவே நிற்கிறது. மிகக் குறைந்த வெற்றி, மிகுந்த தோல்வி, மிகக் குறைந்த கோல், மிகுதியாக வாங்கிய கோல், மிக நீண்ட வெற்றியில்லாக் காலம் என்று வரிசையாக அத்தனையும் அதன் பெயரில்.

பெயரைச் சுமப்பது அவர்கள். ஆனால் அந்த அட்டவணையை எழுதியவர்கள் வேறு. எவரையும் பகைத்துக் கொள்ளாமலிருக்கப் பதினெட்டு என்றார்கள். உலகுக்குக் காட்ட ஒரு பெர்லின் அணி வேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்தில் ஓர் அணியைக் கட்டி எழுப்பி முப்பத்து நான்கு முறை மைதானத்தில் இறக்கினார்கள். தாஸ்மானியாவின் மீதும் ஒரு பிழை உண்டுதான்: சரி என்று சொன்னது. 1963ல் கைநழுவிய இடம் தானே வந்து வாசலில் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்லும் திடம் ஸ்பாண்டவுக்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. அந்தப் பிழையை நாமாக இருந்தாலும் செய்திருப்போம்.

அதன் விலையை அவர்கள் முழுமையாகவே கொடுத்தனர். ஹெர்த்தா 1968ல் புண்டெஸ்லிகாவுக்குத் திரும்பிவிட்டது. தாஸ்மானியா திரும்பவே இல்லை. கடனில் மூழ்கி 1973ல் பழைய கழகம் கலைந்தது. அதே ஆண்டில் அதே பகுதியில் அதே பெயரைத் தாங்கி இன்னொரு கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது கீழ்நிலைப் பிரிவுகளில், டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்தை அடுத்துள்ள வெர்னர் சேலன்பிண்டர் விளையாட்டுப் பூங்காவில் ஆடுகிறது. (சேலன்பிண்டர் மற்போர் வீரர், நாஜி ஆட்சியை எதிர்த்துச் செயல்பட்டு 1944ல் கொல்லப்பட்டவர். அவருடைய அஸ்தி அங்கேதான் இருக்கிறது. அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

இனி, அரை நூற்றாண்டு தாண்டி ஒரு செய்தி. 2020 சனவரியில் ஓர் ஆட்டத்தை வென்ற ஷால்கே, அதன்பின் வெல்லவே இல்லை. பத்து, இருபது, இருபத்தைந்து என்று ஆட்டங்கள் கழிந்தன. 1965ல் தாஸ்மானியாவைப் பதினெட்டாவதாக இழுத்து வந்த அதே முடிவினால் கீழிறங்காமல் தப்பிய ஷால்கேதான் இது. ஆண்டு இறுதியில் அட்டவணையைப் பிரித்து வைத்துக் கொண்டு ஜெர்மனி முழுவதும் எண்ணத் தொடங்கியது: இன்னும் எத்தனை ஆட்டம் தோற்றால் தாஸ்மானியாவின் 31 வீழும்?

நொய்கோல்னிலும் எண்ணினார்கள். அவர்கள் வேண்டிக் கொண்டது வேறு. ஷால்கே வெல்ல வேண்டும், முப்பத்தொன்று நம்மிடமே இருக்க வேண்டும் என்று கழகத்தார் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஊரார் எள்ளி நகையாடிய எண் அது. அதைப் பறிகொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

2021 சனவரி 2 அன்று பெர்லினில் ஹெர்த்தாவிடம் ஷால்கே 0-3 என்று தோற்றபோது எண்ணிக்கை முப்பதாயிற்று. அடுத்த ஆட்டம் சனவரி 9, சொந்த மண்ணில், ஹாஃபன்ஹைம் அணியோடு. மேத்யூ ஹாப்பி என்னும் பத்தொன்பது வயது அமெரிக்க இளைஞர் மூன்று கோல்கள் போட, ஷால்கே 4-0 என்று வென்றது. முப்பதோடு நின்றது. (அப்பருவத்தின் முடிவில் ஷால்கே கடைசி இடம் பெற்றுக் கீழிறங்கியது என்பது தனிக் கதை.)

அன்று ஷால்கேயின் அரங்கில் பார்வையாளர் ஒருவரும் இல்லை. பெருந்தொற்றுக் காலம், கதவுகள் பூட்டியிருந்தன. அந்த மாதங்களில் ஆளில்லாமல் ஆடிய ஆட்டங்களைப் பதிவேடுகள் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, மிகக் குறைந்த பார்வையாளர் என்னும் வரிக்கு எதிரே பழைய எண்ணையே விட்டு வைத்திருக்கின்றன: 827.